அத்தைக்கு ஒன்றுமில்லை

மலேசியாவில் இருந்த ஆறு நாளும் என் கையில் திருச்சி நேரம்தான் ஓடியது. கோலாலம்பூரில் விமானம் இறங்கியதுமே இவர் தன் வாட்சை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பிக் கட்டிக்கொண்டு, "உன்னோடதையும் கழட்டிக் குடு" என்று கை நீட்டினார். "இருக்கட்டுங்க, அங்க மணி என்னன்னு தெரியணும்ல" என்றேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிள்ளையார் சுழி அங்கேயே போட்டாகிவிட்டது.

கல்யாணமாகி 26 வருடம். தேனிலவுக்குக் கொடைக்கானல் போனோம், ஒரே வேனில் 9 பேர். அத்தைக்கு மலைப்பாதையில் குமட்டும் என்பதால் ஜன்னலோரம் அவர்கள், நடுவில் நான், வேனின் கடைசி சீட்டில் மாப்பிள்ளை. அதற்கப்புறம் திருப்பதி, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, ஊர் ஊராகக் கல்யாணம், காதுகுத்து. நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூரில் போய்த் தங்கியது ஒரே ஒரு தடவை. அது இவருக்குச் சிறுநீரகக் கல் எடுக்க மதுரைக்குப் போனபோது.

போன மே மாதம் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றார். பணம் கைக்கு வந்ததும் முதலில் கேட்டது பாஸ்போர்ட்தான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா போக விசா வேண்டாம் என்றாகிவிட்டது, திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து பட்டர்வொர்த் வரை நாலு மணி நேர ரயில், பிறகு படகில் பினாங்குத் தீவு. ரயிலும் படகும் இருந்தால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அங்க போய் நாம ஒண்ணும் பண்ணக் கூடாது. சும்மா இருக்கணும்."

சரி என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று தாள் ஒட்டினேன். பால் எத்தனை பாக்கெட், மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை நிமிஷத்தில் அணைப்பது, அத்தையின் மாத்திரை எது சாப்பாட்டுக்கு முன், எது பின், இட்லி மாவை எப்போது எடுத்து வெளியே வைப்பது. பார்த்துக்கொள்ள மன்னார்குடியிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். 62 வயது, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு நான் மாவு புளிப்பது எப்படி என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். தாளைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா கையெழுத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பட்டர்வொர்த்தில் படகு ஏறும்போது இவர் சின்னப் பையனைப் போல இருந்தார். போகும்போதுதான் டிக்கெட்டாம், தீவிலிருந்து திரும்பும்போது காசு வாங்குவதில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எதிரே ஜார்ஜ் டவுனின் ஓட்டுக் கூரைகளும் பின்னால் கொம்தார் கட்டடமும் பெரிதாகிக்கொண்டே வந்தன. வந்தன என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வாட்சில் மணி ஒன்று, அத்தையின் மதிய மாத்திரை நேரம். நான் படகின் உள்பக்கம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "வெள்ளை இல்லண்ணி, மஞ்சள்... மஞ்சள்!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இப்படியே போயிற்று. காலை எட்டரைக்கு அங்கே ஆறு, பால் வந்ததா? பத்தரைக்கு எட்டு, பையன் காலேஜுக்குக் கிளம்பினானா? "கேஸ் மூடியாச்சா, ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா" என்றால் அவனும் சலிக்காமல் அனுப்பினான். என் போனில் பினாங்கு படங்களைவிட சிலிண்டர் படங்கள் அதிகம். ஆர்மீனியன் தெருவில் சுவரில் அக்காவும் தம்பியும் வரைந்திருக்கிறார்கள், அவர்கள் ஓட்டுவதுபோல நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்தியிருக்கிறார்கள். 2012-ல் எர்னஸ்ட் சகாரெவிச் என்ற ஓவியர் செய்தது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள எப்போதும் கூட்டம். இவர் காத்திருந்து எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். அந்தப் படத்தில் சிறுமி சிரிக்கிறாள், தம்பி வாயைப் பிளந்துகொண்டு அவள் இடுப்பைப் பிடித்திருக்கிறான், நான் காதில் போனோடு மோட்டார் இருக்கும் திசையைக் காற்றில் கை நீட்டிக் காட்டுகிறேன். திருச்சியில் இருக்கிற மோட்டாருக்கு.

நாசி கண்டார் கடையை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. தோளில் கம்பு போட்டு, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தூக்கி விற்ற நம் தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. அந்தக் காவடிக் கம்புதான் கண்டார். இன்றைக்குக் கம்பு இல்லை, பெயர் இருக்கிறது. தட்டில் சோறு போட்டு மீன் குழம்பு, கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சோறு மிதக்கிற அளவுக்கு ஊற்றுகிறார்கள். அதற்கு அங்கே வெள்ளம் என்றே பெயர். பரிமாறியவருக்குப் பூர்வீகம் கடையநல்லூர். "அக்கா, வெள்ளம் விடவா?" என்று கேட்டார். இவருக்கு அந்த வார்த்தை அவ்வளவு பிடித்துப்போயிற்று. "விடுங்க, விடுங்க" என்று உட்கார்ந்தார். இரவு எட்டு மணி, அங்கே ஐந்தரை. வீட்டில் விளக்கேற்றுகிற நேரம். எண்ணெய் எந்த டப்பாவில் என்று சொல்ல எழுந்து வெளியே போனவள், மாவு, தண்ணீர் கேன், எதிர்வீட்டுக்காரர் கார் நிறுத்துகிற விவகாரம் எல்லாம் பேசிவிட்டு வந்து பார்த்தால், என் தட்டில் குழம்பு ஆடை கட்டிவிட்டது. அவர் தன் தட்டைச் சுத்தமாக முடித்து, காய்ந்த கையோடு, கழுவப் போகாமல் உட்கார்ந்திருந்தார். எனக்காகக் காத்திருந்திருக்கிறார். "சூடா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் என்னை எழுப்பாமல் அவர் மட்டும் சியூ படகுத்துறைக்குப் போய்விட்டு வந்தார். கடலுக்குள் மரக்கால் நட்டு, பலகை பாவி, சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற இடம். ஒரு கிழவர் அவருக்கு ஸ்டூல் போட்டாராம். இவருக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். கண் விரியச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து, "அண்ணி பேப்பர்காரருக்குக் காசு குடுக்கலையாம்" என்றேன்.

இதையெல்லாம் கவலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இத்தனை நாள் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் "எல்லாம் நல்லா நடக்குது, நீ நிம்மதியா இரு" என்று நாத்தனார் சொன்னபோதெல்லாம் என் முகம் விழுந்தது. "அய்யோ, மாவு பொங்கி வழிஞ்சிருச்சும்மா" என்றபோது எனக்குத் தெம்பு வந்தது. வீட்டில் எனக்கு ஒரு நாள் லீவு உண்டா என்று 26 வருடமாகக் குத்திக் காட்டியவள் நான். லீவு கிடைத்த மறுநாளே, நான் இல்லாமல் அந்த வீடு தடுமாற வேண்டுமென்று ஆசைப்பட்டேன். கவலைப்படுகிறவள் இப்படி ஆசைப்படமாட்டாள்.

நாலாம் நாள் சனிக்கிழமை. அன்று சாயங்காலம் பினாங்கு மலை. அங்குள்ள தமிழர்கள் கொடிமலை என்கிறார்கள். இவர் திருச்சியில் இருக்கும்போதே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். 1923-லிருந்து ஓடுகிற மலை ரயில். முன்பு பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், 2011-லிருந்து ஒரே வண்டி உச்சி வரை போகிறது. ஒரு வண்டி ஏறும்போது இன்னொன்று இறங்கும், இரண்டையும் ஒரே இரும்பு வடம் பிணைத்திருக்கும், இறங்குகிற எடை ஏறுகிற எடைக்குக் கை கொடுக்கும். கரண்டுக்காரர் அல்லவா, வரிசையில் நின்றபடி எனக்கு இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். இருட்டின பிறகு மேலேயிருந்து ஜார்ஜ் டவுன் விளக்குகளைப் பார்க்க வேண்டும், கடைசி வண்டி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், இதுதான் திட்டம். அந்த ஆறு நாளில் அவர் போட்ட ஒரே திட்டம்.

நான் அன்று ஐந்து மணியிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் எடுக்கவில்லை. ஏழு தடவை. பையனும் எடுக்கவில்லை. மலையடிவார ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கும்போது, ஆறேகால் இருக்கும், நாத்தனாரே கூப்பிட்டார். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். மூன்று பேரும் காலைக்காட்சி சினிமாவுக்குப் போய்விட்டு, வெளியே சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் வந்தார்களாம். "அம்மா பாப்கார்ன் தீர்த்துட்டாங்கம்மா!"

அத்தை. 81 வயது. முட்டி வலி, இருட்டு ஆகாது, ஏசி ஆகாது என்று நான் கூப்பிட்ட சினிமா எதற்கும் வராத அத்தை.

நல்லது அண்ணி என்று வைத்துவிட்டேன். தொண்டைக்குள் என்னவோ அடைத்தது. வரிசை நகர்ந்தது. இவர் திரும்பி, "என்ன, வீட்ல எல்லாம் சரிதானே?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"அத்தைக்கு மூச்சு வாங்குதாம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசித்தேன், யோசித்து அதற்குமேல் அடுக்கவும் செய்தேன். குரலே ஒரு மாதிரி இருந்தது, இப்போதுதான் மாத்திரை போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள், போன் போட்டு எழுப்பாதீர்கள், பயப்பட ஒன்றுமில்லையாம். கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது வேறு. அது நடிப்பு இல்லை, எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. யாருக்காக என்றுதான் கேட்கக் கூடாது.

அவர் ஆட்டிக்கொண்டிருந்த கை இரண்டும் அப்படியே நின்றன. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கயிற்றைத் தூக்கி, குனிந்து, வரிசையைவிட்டு வெளியே வந்தார். டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற பெண் எங்கள் இடத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

அறையில் பால்கனியில் உட்கார்ந்து, மறுநாள் திருச்சிக்கு விமானம் இருக்கிறதா என்று போனில் தேடிக்கொண்டிருந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை பால்கனிக் கதவு வரை போனேன். சொல்வதற்குப் பதிலாக, ஓட்டல்காரர்கள் வைத்திருந்த பொட்டலத்தைக் கிழித்துக் காபி கலந்து கொடுத்தேன். அது ஆறி, அதன் மேலும் ஆடை கட்டியது.

ஒன்பதரைக்கு, அங்கே ஏழு மணிக்கு, பொறுக்க முடியாமல் அவரே வீட்டுக்குக் கூப்பிட்டார். அத்தைதான் எடுத்தார்கள். காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் கத்துவார்கள். பால்கனியிலிருந்து எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கதாநாயகனுக்கு இரண்டு வேஷமாம். வில்லன் கடைசியில் திருந்திவிடுகிறானாம். இடைவேளையில் ஐஸ்கிரீம். முழுக் கதையையும் சொன்னார்கள். இவர் நடுவில் ஒரு தடவைகூட மறிக்காமல், "ம்... ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் துணி மடிப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

"படம் நல்லா இருக்காம்" என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அதில் பயிற்சி உண்டு.

மறுநாள் குயின் தெருவில் 1833-லிருந்து இருக்கிற மகா மாரியம்மன் கோவிலுக்குத் தனியாகப் போனேன். பூக்கடை, மிளகாய்த்தூள் வாசம், ஒலிபெருக்கியில் பழைய பாட்டு, சமயபுரத்துக் கடைவீதியில் நிற்பதுபோலவே இருந்தது. குருக்கள் தட்டை நீட்டி, "யார் பேருக்கும்மா அர்ச்சனை?" என்றார். அத்தையின் பெயரைச் சொன்னேன். பெரியவர்களுக்கு நோய் என்று வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று எங்கள் அம்மா சொல்வாள். அந்தப் பயம்தான், பக்தி ஒன்றுமில்லை. நட்சத்திரம் கேட்டார். 26 வருடமாக அந்த அம்மாளின் மாத்திரை நிறம்வரை தெரிந்த எனக்கு நட்சத்திரம் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம்தான். போடவில்லை.

மலைக்கு மறுபடி போகலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மிச்சமிருந்த நேரம் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் கேட்டபடி சும்மாதான் இருந்தோம்.

திருச்சியில் இறங்கியபோது அவர் வாட்சைப் பின்னால் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வேலை இல்லை. வீட்டு வாசலில் கோலம், உள்ளே சாம்பிராணி மணம். அத்தை என்னைப் பார்த்து, "இன்னும் நாலு நாள் இருந்துட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். நான் பெட்டியைக்கூட வைக்காமல் சமையலறைக்குள் போனேன். தாள் மூன்றும் கசங்காமல் ஃப்ரிட்ஜில் ஒட்டியபடி இருந்தன. மேடை பளிச்சென்றிருந்தது. மாவு அளவாக இருந்தது. புளி ஜாடிகூட இடம் மாறவில்லை. குனிந்து தொட்டிக்குக் கீழே பார்த்தேன். பால் பாத்திரம் ஒன்று அடிப்பிடித்துக் கறுத்துப்போய், தண்ணீர் ஊற்றி ஒளித்து வைத்திருந்தது.

புடவையைக்கூட மாற்றாமல் தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். எனக்கே தெரியாமல் ஏதோ பாட்டு முணுமுணுத்திருக்கிறேன் போல. நிமிர்ந்தால் வாசற்படியில் இவர் நிற்கிறார். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கெடச்சிருச்சா?" என்றார்.

"ம்" என்றேன்.