கைமாற்று

யாரை வைத்துக்கொள்வது, யாரைத் தள்ளிவிடுவது என்ற விவாதத்துக்கு ஒரு பருவம் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் அது சித்திரை, வைகாசி. தறிக்குழியிலிருந்து எழுந்து வருகிறவர்களும், மில்லில் ஷிப்ட் முடிந்தவர்களும், மல்லிகையைக் கமிஷன் கடையில் இறக்கிவிட்டு வருகிறவர்களும் டீக்கடை பெஞ்சில் சேர்ந்துகொண்டு, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியிலிருந்து யாரைக் கழற்றிவிட வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். 2025இல் அந்த அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் ஜெயித்துப் பட்டியலின் அடியில் கிடந்தபோது இது தினசரிக் கடமையாகவே ஆகிவிட்டது. நான் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவன். கிரிக்கெட்டில் எனக்கு இருப்பது மிதமான ருசி. இந்தப் பேச்சில்தான் ருசி அதிகம்.

“நம்மகிட்ட ஸ்பின்னர் ஜாஸ்தி. ஒருத்தனக் குடுத்துட்டு ஒரு ஓப்பனர வாங்கணும்.” இப்படித்தான் வாக்கியம் தொடங்கும். தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. முன்னது எதிரில் இருப்பவனை வெளியே நிறுத்துகிறது; பின்னது உள்ளே அழைத்துக்கொள்கிறது. கூலி உயர்வு பற்றிப் பேசும்போது இதே பெஞ்சில் ‘நாங்க’, ‘அவங்க’ என்ற கோடு ஒருநாளும் அழிவதில்லை. ஆட்டம் என்று வந்ததும் ‘நாம’ வந்துவிடுகிறது. அந்த ‘நாம’வுக்குள் டீ ஆற்றுகிறவர் இருக்கிறார், அணியின் சொந்தக்காரர் இருக்கிறார். இல்லாதவன் ஒருவன்தான்: கொடுக்கப்பட இருக்கிறவன்.

இதை மயக்கம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த விவாதத்தில் அறிவு இருக்கிறது. இலக்கிய வட்டத்தில் தேறும், தேறாது என்று நாம் போடும் பட்டியல்களைவிட இதில் நாணயமும் அதிகம். இங்கே எவரும் தன் சிநேகிதனை நுழைப்பதில்லை. அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். இது வானம் பார்த்த பூமி. குண்டாறு மணலாகவே கிடந்துவிடும் வருஷங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால், தை பிறப்பதற்குள் சம்சாரி வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். படப்பில் இருக்கிற சோளத்தட்டை எத்தனை வாய்க்குக் காணும்? எதை நிறுத்துவது, எதைச் சந்தைக்கு ஓட்டுவது? நல்ல மாட்டுக்குத்தான் விலை கிடைக்கும். அதை விற்றுவிட்டால் அடுத்த பருவத்துக்கு உழவில்லை. சண்டி மாட்டை எவனும் வாங்க மாட்டான். ஆனால் அதுவும் தின்னும். பல் பிடித்து, சுழி பார்த்து, நடக்கவிட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிய ஜனங்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றைக்குக் கோடிகளைத் தசமப்புள்ளி தவறாமல் சொல்கிறார்கள்.

பருவத்தின் நடுவிலேயே ஆளை மாற்றுவதற்கும் ஐ.பி.எல்.லில் வழி செய்திருந்தார்கள். ஐக்கிய அரபு நாடுகளில் ஆட்டங்கள் நடந்த 2020இல் அது பெரிதாகப் பேசப்பட்டது. பாதி ஆட்டங்கள் முடிந்ததும், இரண்டுக்கு மேல் ஆடாதவரை வேறு அணிக்குக் கொடுக்கலாம். முந்தின வருஷம் 26 விக்கெட் எடுத்து முதலிடத்தில் நின்ற இம்ரான் தாஹிர் அப்போது சென்னை அணியில் ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரைக் கொடுக்கலாமா கூடாதா என்று பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. “கைமாத்துதான மாப்ள, திரும்பி வந்துரும்” என்றார் ஒருவர். வட்டியில்லாமல் நாலு நாளைக்கு வாங்கும் சில்லறைக் கடனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். தாஹிர் எங்கும் போகவில்லை. அந்த வார்த்தை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

என் தகப்பனார் கைத்தறி நெய்தவர். தறி அவருடையது, பாவும் ஊடையும் முதலாளியுடையவை. முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால், புதியவர் பழையவருக்கு அந்தப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டில் பெயர் அடிக்கப்படும். இன்னொரு நோட்டில் அதே தொகையோடு ஏறும். அப்பா இரண்டு முறை இப்படிப் போனார். இரண்டு முறையும் வீட்டில் அவர் சொன்னது ‘மாறிட்டேன்’ என்பதுதான், ‘மாத்திட்டாங்க’ என்றல்ல. நடந்தே போய், புது முதலாளியின் திண்ணையில் உட்கார்ந்து, சேலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தவர் அவர். அந்தச் சுதந்திரம் எவ்வளவு சின்னது என்பதும் எனக்குத் தெரியும். கடன் அவர் கூடவேதான் போயிற்று. ஆனாலும் தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையில் உள்ள அந்த ஓரெழுத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

2025 நவம்பரில் பெஞ்சின் தீர்மானங்களில் ஒன்று நிஜமாகவே நடந்துவிட்டது. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை எடுத்துக்கொண்டது. ஜடேஜா 2012 முதல் 2015 வரையிலும், 2018 முதல் 2025 வரையிலும், ஆகப் பன்னிரண்டு பருவங்கள் இங்கே ஆடியவர். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் வேண்டியிருந்தபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தவர். 18 கோடியாக இருந்த அவர் விலை இந்த மாற்றத்தில் 14 கோடியாயிற்று. பெஞ்சில் லாப நஷ்டக் கணக்கு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறக்காத வயசாளி ஒருவர் கேட்டார்:

“அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?”

“கேக்காம முடியாது மாமா. ஆளு சம்மதிச்சாத்தான் நடக்கும்னு ரூல் இருக்கு.”

“அப்ப வெல எறங்கினதுக்கும் சம்மதிச்சானா?”

பையன் பதில் சொல்லவில்லை. 14 கோடி வாங்குகிறவருக்காகப் பரிதாபப்படச் சொல்லவில்லை நான், பெரியவரும் சொல்லவில்லை. அவர் கேட்டது வினை யாருடையது என்று. இதே ஜடேஜா 2010 பருவம் முழுவதும் ஐ.பி.எல்.லில் ஆடத் தடை செய்யப்பட்டிருந்தார். குற்றம்: ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இன்னொரு அணியிடம் தானே நேரில் பேசியது. அதாவது திண்ணைக்குப் போனது. அணி ஆளை மாற்றினால் வர்த்தகம். ஆள் தானே போய் விலை பேசினால் ஒழுங்கீனம். அதே ராஜஸ்தானுக்குத்தான் இப்போது அவரை அனுப்பியிருக்கிறார்கள், முறைப்படி.

அமெரிக்க பேஸ்பாலில் இந்த வியாபாரம் பழையது. அங்கே ஜூலைக் கடைசியை ஒட்டி ஒரு கெடு. அதற்குள் யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று நாடே விவாதிக்கும். கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் பன்னிரண்டு பருவங்கள் ஆடினார். எண் தற்செயலாக ஒன்றுபோல அமைந்துவிட்டது. 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். செய்தி டெலிபோனில் வந்தது. தான் விற்று வாங்கும் சொத்தல்ல என்று அந்த டிசம்பரில் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். பிறகு வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவரை அவர் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்ற விதி அதற்கடுத்த வருஷம் வந்தது. அவர் கேட்டது அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

எங்கள் பெஞ்சின் விவாதம் நிற்க வேண்டும் என்று நான் கோரவில்லை. வருகிற சித்திரையிலும் அது நடக்கும். பஸ் தவறினாலும் நான் உட்கார்ந்து கேட்பேன். மாட்டுக்கு விலை பேசும்போது சம்மதம் என்ற கேள்வி எழுவதில்லை. ஆளைப் பற்றிய பேச்சில் அது முதலில் வரவேண்டிய கேள்வி. எங்கள் பெஞ்சில் அது கடைசியாக வந்தது. கேட்டவர் நாற்பது வருஷம் பிறர் பாவை நெய்தவர்.