டிரம்ஸ் இல்லாத டிரம்ஸ் சத்தம்!

பெர்லினின் கொட்புசர் டோர் ஸ்டேஷன். உயரப் பாலத்தில் மஞ்சள் ரயில் தடதடத்து ஓட, கீழே துருக்கிக் கடைகளிலிருந்து கபாப் வாசனை மூக்கைத் துளைக்கும். ரவுண்டானாவை ஒட்டிய பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறது 'ஷ்னைடர்ஸ்லாடன்'. மின்னணு இசைப் பிரியர்கள் தேடி வரும் கடை இது.

குமிழ்களும் துளைகளும் நிறைந்த சின்னச் சின்ன உலோகப் பலகைகள், அவற்றை இணைக்கும் கலர் கலர் வயர்கள்... இதுதான் மாடுலர் சிந்தசைசர். ஒரு பலகை ஒலியை எழுப்பும், ஒன்று வடிகட்டும், இன்னொன்று ஏற்றி இறக்கும். எதை எதோடு இணைப்பது என்பது வாசிப்பவரின் இஷ்டம்.

இதை வைத்து ரசிகர்கள் ஆசையாய்ச் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட 'டிஆர்-808' டிரம் மெஷினின் ஓசையை மறுபடி உருவாக்குவதுதான் அது.

நிஜ டிரம்ஸ் போல இல்லை என்று அன்று பலரும் அதை ஒதுக்கினார்கள். சுமார் 12,000 மெஷின்களோடு 1983-ல் தயாரிப்பு நின்றது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததை அமெரிக்க இளைஞர்கள் வாங்கிப் போனார்கள். ஹிப்-ஹாப்பின் இதயத்துடிப்பே அதுவாகிப் போனது!

செய்முறை சுலபம்தான். ஒரு சைன் அலையின் சுருதியைச் சட்டென்று இறக்கி, ஒலியை மெல்ல அடங்கவிட்டால் பேஸ் டிரம். குடத்தைத் தட்டியதும் நீளுமே, அந்தக் கார்வை! ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவின் இரைச்சலைச் சேர்த்தால் ஸ்நேர். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஆறு சதுர அலைகளைக் கலந்து, கீழ் ஒலிகளை வடிகட்டினால் 'ட்ஸ்' என்று ஹை-ஹேட்.

ஆனாலும் அச்சு அசலாக வருவதில்லை. காரணம், குறையுள்ள டிரான்சிஸ்டர்கள்! ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககெஹாஷி அவற்றை வேண்டுமென்றே 808-ல் பயன்படுத்தினார். தொழில்நுட்பம் முன்னேறியதும் அந்தக் குறையுள்ள சரக்கு கிடைக்காமல் போனது. தயாரிப்பு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய பாகங்கள் துல்லியமானவை. அதனால் கொஞ்சம் இரைச்சல், கொஞ்சம் சுருதி பிசகல் என்று குறையை வலிந்து சேர்க்க வேண்டியிருக்கிறது.

மே மாதம் பெர்லின் போகிறவர்களுக்குப் பொதுவாக இன்னொரு வாய்ப்பும் உண்டு. இந்தக் கடையின் ஆண்ட்ரியாஸ் ஷ்னைடர் நடத்தும் 'சூப்பர்பூத்' கண்காட்சியில், இந்தப் பலகைகளை உருவாக்குகிறவர்களையே நேரில் சந்திக்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு குமிழைத் திருகித்தான் பாருங்களேன்!