யார் பெயரில் பாலம்?

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைப்பது சுலோச்சன முதலியார் பாலம். தாமிரபரணியின் மேல் 11 வளைவுகளோடு 1843இல் திறக்கப்பட்டது. லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்பார்கள். முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பதும் ஊர்ப்பேச்சு.

பொங்கல் விடுமுறைக்கு என்னோடு ஊருக்கு வந்த அறைத்தோழிக்கு இதைச் சொன்னேன். படப்பையில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறோம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்: "நகை கொடுத்தவங்க பேரு எங்கக்கா?"

லண்டனிலும் இதே கதைதான். 1817இல் திறந்த அந்தக் கருங்கல் பாலம் பழுதாகி இடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புதுப் பாலத்தை எழுப்பியவர்களில் பெண்கள் ஏராளம். 1945 திறப்பு விழாவில் அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் ஆண்களை மட்டுமே பாராட்டினார். 'பெண்கள் பாலம்' என்ற பெயரைக் காத்தது மக்களின் வாய்தான்.

வாய்ப்பேச்சு பத்திரம் ஆகாது. தமிழ்நாட்டில் 1989இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரச் சட்டம் வந்தது. ஆனால் எங்கள் பூர்வீக மனையில் என் சம்பளத்தில் எழும்பிய வீட்டைத் தம்பி பெயரில் எழுதப் பேச்சு நடக்கிறது.

"நீ இன்னொரு வீட்டுக்குப் போறவதானே" என்கிறாள் அம்மா.

சிமெண்டுக்கும் கம்பிக்கும் நான் அனுப்பிய பணம் என் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் வரிவரியாக இருக்கிறது. பத்திரத்தில் என் பெயரும் ஏறட்டும், பிறகு மாடிக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. பணமும் போகவில்லை.