பளிங்கும் படகும்

மணிமேகலைக் காப்பியத்தில் உவவனத்துப் பளிக்கறை பற்றிப் படித்திருக்கின்றோம். உள்ளிருப்போர் உருவத்தை வெளியே காட்டும் அம்மண்டபம், அவர்தம் குரலை வெளியே விடுவதில்லை. சாத்தனார் பாடிய பளிங்கு ஓசையை அடக்கியது. அறிவியலார் கண்ட படிகமோ அதிர்வதையே தொழிலாகக் கொண்டது. படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் இருவர் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பது அதன் மறுபக்கம். குவார்ட்சுப் படிகத்தை மெலிதாக அறுக்க அறுக்க அதன் அதிர்வெண் உயரும். அறுத்து முடித்தபின் அது தன் அதிர்வெண்ணை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. கைக்கடிகாரம் நேரம் தவறாமல் ஓடுவதும் இக்குணத்தால்தான்.

தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு இத்துறையில் நாட்டம் பிறந்தது ஒரு பிள்ளையின் பொருட்டு. 2009ஆம் ஆண்டில் எங்கள் மச்சான் காலமாகி ஆறு திங்கள் ஆகியிருந்தது. அவர் தச்சர். கடைசியாக அவர் செய்து முடித்த பொருள், மகனுக்காகச் செதுக்கிய இரண்டடி மரப்படகு. வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் தம் பழைய வானொலிக் கட்டுப்பாட்டுக் கருவியை அப்பிள்ளைக்குக் கொடுத்தார். அவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிக்கு மாறிவிட்டார். அதில் கிரிஸ்டல் மாற்றும் வேலையே இல்லை. பழைய கருவியில் கையிலிருக்கும் பரப்பியும் படகில் வைக்கும் ஏற்பியும் நலமாக இருந்தன. இரண்டிலும் கிரிஸ்டல் மட்டும் இல்லை.

இறக்குமதி செய்யும் கடையொன்றில் விசாரித்தோம். ஓர் இணைக்கு அவர்கள் சொன்ன விலை, அக்கா ஒரு வாரம் தைத்துச் சேர்க்கும் கூலிக்குச் சமமாக இருந்தது. நாங்கள் தருகின்றோம் என்றாலும் அக்கா ஒப்பவில்லை. "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவா, தம்பி?" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றோம். அங்கே கிரிஸ்டலுக்குப் பஞ்சமில்லை. வண்ணத் தொலைக்காட்சிக்குரிய 4.433619 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சில ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் அது எங்கள் கருவிக்கு உதவாது. எங்களுக்கு வேண்டியது 27 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குரியது. உடைந்த பொம்மைக் கார்களின் ரிமோட்டில் 27.145 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கிடைத்தது. பாதி வேலை முடிந்தது என்று மகிழ்ந்தோம். மறுபாதியில்தான் சிக்கல் இருந்தது.

ஏற்பிக்குள் இருக்கும் கிரிஸ்டல், பரப்பியின் கிரிஸ்டலைவிட 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக இருத்தல் வேண்டும். வந்த அலையையும் தன் அலையையும் கலந்து, அவ்வேறுபாட்டையே ஏற்பி பிரித்தெடுக்கின்றது. ஆகவே 27.145க்கு இணை 26.690 ஆகும். மலிவான பொம்மைகளில் ஏற்பிக்குக் கிரிஸ்டலே வைப்பதில்லை. அவற்றின் சுற்று வேறு வகையானது. எத்தனை பொம்மையை உடைத்தாலும் 26.690 கிடைக்காது என்பதை எங்கள் இயற்பியல் துறை நண்பர் விளக்கினார். இவ்விரண்டையும் ஒருங்கே கொண்ட பழம்பொருள் எது என்று தேடுமாறும் அவரே சொன்னார்.

அத்தகைய பொருள் எங்கள் ஊர்க் காயலான் கடையிலேயே கிடந்தது. பேச்சு நின்றுபோன ஒரு வாக்கி டாக்கி அது. அதனுள் 27.125, 26.670 எனப் பொறித்த இரு கிரிஸ்டல்கள் இருந்தன. கழித்துப் பார்த்தான் பிள்ளை. "சரியாக 455 வருது, மாமா!" என்றான். எடைக்குரிய விலையை அவனே தன் உண்டியலிலிருந்து கொடுத்தான். ஆய்வுக்கூட உதவியாளர் அவற்றைக் குழிக்குப் பொருந்துமாறு பற்றவைத்துத் தந்தார். பரப்பியின் ஏரியலை மடக்கி வைத்துக்கொண்டு, படிப்படியாக விலகி நடந்து, கட்டளை எட்டும் தொலைவைச் சோதித்தோம். பிறகே ஊருணியில் படகை விட்டோம். அக்கா கரையில் நின்று பார்த்தார். படகு நடுநீர்வரை சென்று திரும்பி வந்தது.

அவ்வாண்டின் இறுதியில் பிள்ளை, அதே கிரிஸ்டலை வைத்துச் சிறு விமானம் பறக்கவிடலாமா என்று கேட்டான். அதற்கு நாங்கள் இசையவில்லை. படகு தறிகெட்டால் நீரில் நிற்கும். விமானம் தறிகெட்டால் யார் தலையிலேனும் விழும். கீழே விழுந்த அதிர்ச்சியிலோ பற்றவைத்த சூட்டிலோ பழைய கிரிஸ்டல் பழுதுபட்டிருக்கலாம். அடுத்த தெருவில் ஒருவர் பொம்மைக் காரை இயக்கினாலும் 27 பட்டையில் குறுக்கீடு நேரலாம். இதனை உணர்ந்தே பிரிட்டனில் மாதிரி விமானங்களுக்கு 35 மெகாஹெர்ட்ஸையும், தரையிலும் நீரிலும் ஓடுவனவற்றுக்கு 40 மெகாஹெர்ட்ஸையும் தனித்தனியே ஒதுக்கினர். அமெரிக்காவில் விமானத்துக்கு 72, தரையூர்திக்கு 75 என வகுத்தனர். பறக்கும் திடலில் ஒரு பலகை நட்டு, தம் அலைவரிசை எண்ணுக்குரிய முளையைக் கையில் பெற்றவரே கருவியை இயக்கலாம் என்ற ஒழுங்கையும் வைத்திருந்தனர். கண்ணுக்குத் தெரியாத அலையாயினும் அது பலருக்கும் பொதுவானது.

மாணவச் செல்வங்களே, பொருளின் குணத்தை அறிந்தவருக்குக் குறைந்த விலையிலும் நல்ல பொருள் வாய்க்கும். அக்கா கேட்ட கேள்விக்கு அக்கழித்தல் கணக்கே விடையாயிற்று. ஆனால் மிச்சம் பிடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் சிக்கனத்தால் வரும் இடரை அயலான் சுமக்க நேருமாயின், அவ்விடத்தில் முழு விலையும் கொடுப்போம். இயலாவிடில் அவ்விருப்பத்தைத் தள்ளிவைப்போம். அன்று பிள்ளை விமானத்தைத் தள்ளிவைத்தான். அவன் தந்தை செய்த படகுக்கு அவ்விணை போதுமானதாக இருந்தது.