ஒன்பதாம் வகுப்பு நாடாளுமன்றம்



நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது பழைய சார்ட் ஒன்று சுருட்டியபடி கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பேரன் விரித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, பரமபதத்துல ஜனாதிபதி எதுக்கு?" என்றான். 1999இல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும்.

அந்த ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஜூனில் பள்ளி திறந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வியே, "ஒரு ஓட்டுல எப்படி சார் கவர்மெண்ட் போகும்?" என்பதுதான். குடிமையியலில் அதுவரை யாரும் தானாகக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இதை விடக்கூடாது என்று அந்த வாரமே சார்ட் வாங்கிவிட்டேன்.

மசோதாவின் பயணம்தான் பரமபதம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து உருட்டினோம். அவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கூட இல்லையா? கோரம் இல்லை, பாம்பு. பண மசோதாவா? ஏணி. மாநிலங்களவை அதை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பினாலும் பாம்புதான், ஆனால் ஒரு முறைதான் கடிக்கும். இரு அவைகளும் மறுபடி நிறைவேற்றிவிட்டால் அவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். மக்களவை கலைப்புதான் இருப்பதிலேயே நீளமான பாம்பு. அங்கே நிலுவையில் இருக்கும் மசோதா காலாவதியாகி, முதல் கட்டத்துக்கே வந்துவிடும்.

இரண்டு வாரத்தில் அது உங்களுக்குப் போதவில்லை. "நாமளே நடத்தலாம் சார்" என்றீர்கள். டெல்லியில் அப்போது மக்களவை கலைந்து கிடந்தது. நம் வகுப்பில் கூடியது. 40 பேர் மக்களவை, 14 பேர் மாநிலங்களவை. கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் குடியரசுத் தலைவர்.

முதல் மசோதா 'தாமதமாக வருவோர் மசோதா'. பிரேயர் மணிக்குப் பிறகு வருபவர் முதல் பீரியட் முழுவதும் வெளியே நிற்க வேண்டும். உண்மையில் அது என் வழக்கம்தான். நீங்கள் அதை எழுதி வைத்தீர்கள், அவ்வளவே. 30க்கு 9 என்று நிறைவேறியது. வாக்குகள் சமமானால்தான் சபாநாயகர் ஓட்டுப் போடுவார் என்பதைக்கூட மறக்காமல் கடைப்பிடித்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்த்த அந்த 9 பேர் யார் யார் என்று நான் கவனிக்கவில்லை.

மாநிலங்களவையில் ஒரு மாணவி எழுந்து, "இதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பணும் சார்" என்றாள். நேரம் போதாது என்று அந்தக் கட்டத்தை நான் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். "பாடத்துல இருக்கே சார்" என்றாள். சரி என்று ஐந்து பேருக்கு ஒரு வாரம் கொடுத்தேன்.

அறிக்கை கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கம். தாமதமாக வருபவர்கள் மொத்தம் ஏழு பேர். மூன்று பேர் வீட்டுக்குத் தெருக்குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வர வேண்டும்; தண்ணீர் வருவதே எட்டரைக்கு. மூன்று பேர் வரும் டவுன் பஸ் மணி அடித்த பிறகுதான் பள்ளி முன்னால் நிற்கும். ஏழாவது பையன் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருபவன். அவனைப் பற்றிக் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்கள்: "இவன் இப்போது பள்ளிக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். எல்லாரும் பார்க்க வெளியே நிற்பது பிடிக்கவில்லையாம்."

இரண்டு வாரமாக அவன் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்தது நான்தான். "ஏண்டா லேட்டு?" என்று தினமும் கேட்டிருக்கிறேன். அது கேள்வி இல்லை, அதட்டல். பதில் வரும்வரை ஒருநாளும் நான் நின்றதில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதை, பல வருட சர்வீஸில் நான் கேட்கவில்லை.

மாநிலங்களவை திருத்தம் கொண்டுவந்தது: தாமதமாக வந்தவர் நேராக வந்து உட்காரலாம், காரணத்தை மதிய இடைவேளையில் தனியாகச் சொன்னால் போதும். மக்களவையும் ஏற்றுக்கொண்டது. குடியரசுத் தலைவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். ஓய்வுபெறும் நாள்வரை அதுதான் என் வகுப்பில் சட்டம். எனக்குப் பின்னால் படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அறிக்கை வந்த அன்று மாலையே அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா கயிற்றுக்கட்டிலைப் போட்டு மோர் கொடுத்தார். அவன் மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை. அடுத்த மாதம் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சட்டத்தால் மற்ற ஆறு பேருக்கு நல்லது நடந்தது. அவனுக்கு அது தாமதமாக வந்த சட்டம்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது இதற்கெல்லாம் போனிலேயே விளையாட்டு வந்துவிட்டது. நன்றாக விளையாட விடுங்கள். ஆனால் நேரமில்லை என்று குழுக் கட்டத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஓட்டெடுப்பில் யார் அதிகம் என்பதுதான் தெரியும். யாருக்கு வலிக்கும் என்பது போய்க் கேட்டால்தான் தெரியும்.

அந்த ஏழாவது தம்பி எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். இதை அவனே படிக்க நேர்ந்தால்: தப்பு என் மேல்தான் ராஜா. ஒருமுறை வீட்டுக்கு வா. எந்த நேரமானாலும் வா.

அன்புடன்,
உங்கள் சோஷியல் சார்