வீரசோழன் சீமையும் கொடும்பாளூர் வேளிரும்

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிக் கிழக்கே திருச்சுழியைக் கடந்து போகிறவர்களுக்கு நிழல் என்ற சொல்லின் அருமை நன்றாகத் தெரிந்துவிடும். இரு புறமும் சீமைக் கருவேலங்காடு; நடுநடுவே பனை; எங்கோ ஒரு கரிமூட்டத்தின் புகை. மழை பெய்தால் கண்மாய். பெய்யாவிட்டால் ஆடு மேயும் பொட்டல். 1985-இல் விருதுநகர் தனி ஜில்லாவாகும் வரையில் இது ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இந்த வறண்ட பிரதேசத்தின் நடுவே, பள்ளிவாசலும் சந்தையுமாக ஜனநடமாட்டம் மிகுந்த ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் வீரசோழன்.

பெயரைக் கேட்டதும் நேயர்கள் புருவத்தை உயர்த்துவது நியாயமே. பாண்டியனுடைய சொந்தச் சீமையில் சோழனுக்கு என்ன வேலை? வீரசோழன் என்பது சோழ மன்னர் ஒருவருக்கு மேற்பட்டோர் விரும்பிப் பூண்ட விருது. முதற் பராந்தகனுக்கு அது உண்டு. வீரராஜேந்திரனுக்கும் உண்டு, புத்தமித்திரனார் இயற்றிய 'வீரசோழியம்' என்னும் இலக்கணம் அவன் பெயரால் வழங்குவதே. சோழ சேனை நடந்த வழியெல்லாம் சோழப் பெயர்களும் நடந்தன. அந்தச் சேனைக்கு முன்னே குதிரையில் சென்றவர்கள் யார் என்று விசாரித்தால், சாஸனங்கள் மன்னர்களுக்கு அடுத்தபடியாகக் காட்டுவது கொடும்பாளூர் வேளிரை.

ஐரோப்பிய சரித்திரத்தில் 'டியூக்' என்று ஒரு பதவியைப் படிக்கிறோம். லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்குப் படைத்தலைவன் என்றே பொருள். நார்மண்டி டியூக் வில்லியம் 1066-இல் இங்கிலாந்துக் கரையில் இறங்கிய கதையை நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் நெட்டுருப் போட்டார்கள். கொடும்பாளூர் எங்கே என்று கேட்டால் விழித்தார்கள். 1950-இல் கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதத் தொடங்கிய பிறகு அந்தப் பெயராவது வீடுதோறும் பரவிற்று. டியூக்குகளுக்கு இருந்தது எல்லாம் இந்த வேளிருக்கும் இருந்தது: சொந்த நாடு, சொந்தப் படை, அரச குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை. சமராபிராமன் என்னும் வேளிர் தலைவன் அனுபமை என்ற சோழ அரசகுமாரியை மணந்தான். பூதி ஆதித்த பிடாரி என்னும் வேளிர் குலப்பெண் சோழன் அரிஞ்சயனின் தேவியானாள். திருச்சிக்கு அருகே திருச்செந்துறைக் கற்கோயில் அவள் எடுப்பித்ததே. ஒரே வித்தியாசம்: பிராங்கியரின் டியூக்காக இருந்த ஹியூ கப்பே 987-இல் தானே அரசனாகிவிட்டான். கொடும்பாளூரார் அப்படிச் செய்யவில்லை.

வீரசோழனைப் பார்த்தவர்கள் திருச்சுழிக்குத் திரும்பி, குண்டாற்றங்கரையிலுள்ள பள்ளிமடத்துக்கும் போய் வர வேண்டும். திருச்சுழி, சுந்தரர் பாடிய தலம். 1879-இல் ரமண மகரிஷி பிறந்த ஊர். ஆகையால் அங்கே யாத்திரிகர்களுக்குக் குறைவில்லை. பள்ளிமடத்துக்கு வருகிறவர்கள் சிலரே. ஆனால் சரித்திரத்தில் ஈடுபாடுள்ளவர்களுக்கு அந்தச் சிறு கோயில்தான் பெரிய கோயில். சுந்தரபாண்டியன் என்னும் பாண்டியனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது மறைந்த மன்னனின் நினைவுக் கோயிலாக, எழுந்தது அது. அதன் கல்லிலே 'சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்' காலத்துச் சாஸனங்கள் இருக்கின்றன.

அந்த விருதுப் பெயரைச் சற்று நிதானித்துப் படியுங்கள். பராந்தகன் மதுரையைக் கைப்பற்றினான். பாண்டியன் ராஜசிம்மனுக்கு உதவியாக ஈழத்திலிருந்து சேனை வந்தது. 915-ஐ ஒட்டி வெள்ளூரில் இரு சேனைகளும் தோற்றன. ராஜசிம்மன் முடியையும் குலச்சின்னங்களையும் ஈழத்தில் அடைக்கலம் வைத்துவிட்டுச் சேர நாடு சென்றான். அப்படி அடங்கிக் கிடந்த பாண்டிய நாட்டில் மறுபடி தலை தூக்கியவன் வீரபாண்டியன். அவன் கொண்ட தலை எந்தச் சோழனுடையது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமனப்படவில்லை. அவன் தலை போன கதையிலோ ஒரு வேடிக்கை இருக்கிறது.

சுந்தர சோழன் காலத்தில் சேவூரில் பெரும்போர் நடந்தது. அவன் மகன் ஆதித்த கரிகாலன், சிறு பிராயத்திலேயே அப்போரில் பொருது, பின்னர் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று பட்டம் சூடினான். அந்தத் தலையைத் தன் தலைநகரில் ஜயஸ்தம்பம்போல நாட்டினான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். தொண்டை மண்டலத்தில் பார்த்திவேந்திரவர்மன் என்பவனும் இதே பட்டத்தைப் போட்டுக்கொள்கிறான். கொடும்பாளூர்ச் சாஸனத்தைப் பிரித்தால், பூதி விக்கிரமகேசரி வீரபாண்டியனைப் போரில் வென்றான் என்றிருக்கிறது. ஒரு தலைக்கு இத்தனை உரிமைக்காரர்கள்! விக்கிரமகேசரி சுந்தர சோழன் காலத்தவன் என்று நீலகண்ட சாஸ்திரியார் கொண்டார். அவன் அதற்கும் முந்தியவன், வென்றது வேறொரு வீரபாண்டியனை என்று வாதிப்பவர்களும் உண்டு. சாஸ்திரியார் கட்சி சரியானால், களத்தில் காரியத்தை முடித்தவன் அனுபவம் முதிர்ந்த வேளிர் தலைவன் என்றும், பட்டம் இளவரசனுக்குப் போயிற்று என்றும் கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. உலகத்துச் சேனைகளில் இது புதிய வழக்கமும் அல்ல.

இந்த வெற்றிகளுக்கு விலை கொடுத்தது எந்த மண்? பள்ளிமடம் இருந்த பகுதிக்கு அக்காலத்தில் பருத்திக்குடி நாடு என்று பெயர். பெயரிலேயே பருத்தி இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு தலைமுறை சேனைகள் நடமாடிய நாட்டில் யார் விதைத்தார்கள், யார் அறுத்தார்கள் என்று எந்த மெய்க்கீர்த்தியும் சொல்வதில்லை. சாஸனங்களில் குடியானவர் வாழ்வு எட்டிப் பார்ப்பது ஆடுகளின் மூலமாகத்தான். கோயிலில் அணையா விளக்கு எரிக்க ஆடுகளை விடுவார்கள்; சோழ நாட்டில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. இடையர் அவற்றை ஏற்று நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். கிழடு கழிய, குட்டி வளர, மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. ஆகவே 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். வீரசோழன் பக்கத்துப் பொட்டலில் மந்தையை ஓட்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போது, இந்தத் தொழில் மட்டும் எந்தச் சேனைக்கும் அஞ்சாமல் நின்றிருக்கிறது என்று தெரிகிறது.

வேளிர் குலமும் விலை கொடுத்தது. வீரபாண்டியனுக்கு ஈழம் துணை நின்றதற்காகச் சோழ சேனை கடல் கடந்தது. தலைமை வகித்துச் சென்றவன் கொடும்பாளூர்ப் பராந்தகன் சிறியவேளான். ஈழத்தில் அப்போது நாலாம் மகிந்தன் ஆண்டான். அவன் சேனாதிபதி சேனன் எதிர்த்து நின்றான். சுந்தர சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் சிறியவேளான் அந்தக் களத்திலேயே பட்டான். பாண்டியன் அடைக்கலம் வைத்த முடி அப்போதும் கிட்டவில்லை. அரை நூற்றாண்டு கழித்து ராஜேந்திரன் காலத்தில்தான் அது சோழர் கைக்கு வந்தது.

கொடும்பாளூரைப் பார்க்க விரும்புகிறவர்கள் மதுரையிலிருந்து திருச்சிச் சாலையில் போய், விராலிமலைக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்ளலாம். சிலப்பதிகாரக் காலத்திலும் மதுரைக்குப் போகும் வழியில் இருந்த ஊர் அது. விக்கிரமகேசரி அங்கே மூன்று விமானங்கள் எடுப்பித்தான்: ஒன்று தன் பெயரால், மற்ற இரண்டு தேவிமார்களான கற்றளி, வரகுணை இருவர் பெயராலும். மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ஜுனர் என்னும் துறவிக்கு மடம் கட்டிக் கொடுத்து, ஐம்பது தபஸ்விகளின் அன்னத்துக்காகப் பதினொரு கிராமங்களையும் விட்டான். இன்று இரண்டு விமானங்கள் முழுமையாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மாத்திரமே மிச்சம். சுற்றிலும் இருந்த பதினைந்து சிற்றாலயங்களின் அஸ்திவாரக் கற்கள் புல்லிடையே வரிசையாகத் தெரிகின்றன.