வேம்பநாட்டு ஏரி கடந்து வைக்கத்தப்பன் சந்நிதிக்கு

கேரளத்தின் மிகப் பெரிய நீர்ப்பரப்பு வேம்பநாட்டு ஏரி. தெற்கே ஆலப்புழையில் தொடங்கி வடக்கே கொச்சியில் கடலோடு கலக்கும் இதன் நீளம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர். இந்தியாவின் மிக நீளமான ஏரி என்ற பெருமையும் இதற்கு உண்டு. சபரிமலை ஐயனின் அடிவாரத்தில் ஓடும் புண்ணிய நதியான பம்பை, மலையிறங்கி வந்து கலப்பது இந்த ஏரியில்தான். மீனச்சில், மணிமலை, அச்சன்கோவில், மூவாற்றுப்புழை ஆகிய ஆறுகளும் இதில் சேர்கின்றன. ஏரியின் இரு கரைகளிலும் சிறு நகரங்களும், அவற்றை ஒட்டிப் பழம்பெரும் ஆலயங்களும் வரிசையாக அமைந்திருக்கின்றன. சாலைகள் பெருகும் முன் அடியார்கள் இவற்றைத் தரிசிக்கப் படகிலேயே சென்றார்கள். இன்றும் அவ்வாறு செல்ல இயலும். 1968-ல் தொடங்கப்பட்ட கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை, ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்டு எளிய கட்டணத்தில் படகுகளை இயக்கி வருகிறது.

இவ்வழியே கார்த்திகை மாதத் தேய்பிறை அஷ்டமிக்கு வைக்கம் சென்றடைய எண்ணிப் புறப்பட்டார்கள் சிதம்பரத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியர். கணவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்த நாளில் அம்மையார் ஒரு வேண்டுதல் செய்துகொண்டிருந்தார். கணவர் நலம் பெற்றால், முன்னோர் சென்றதுபோல் ஏரியைப் படகில் கடந்து, வைக்கத்து அஷ்டமி நாளின் அதிகாலைத் தரிசனத்தில் இருவருமாக நின்று வணங்குவது என்பதே அது.

சிதம்பரத்தில் இருப்பவர்கள் வைக்கத்தை நினைப்பதற்குக் காரணம் உண்டு. கரன் என்னும் அசுரன் தில்லையில் கடுந்தவம் புரிந்து, இறைவனிடம் மூன்று சிவலிங்கங்களைப் பெற்றான் என்கிறது தலபுராணம். வலக்கையில் ஒன்றும் இடக்கையில் ஒன்றுமாக ஏந்தி, மூன்றாவதைப் பற்களால் கவ்விக்கொண்டு அவன் மேற்குத் திசை நோக்கிச் சென்றானாம். வலக்கை லிங்கம் வைக்கத்திலும், இடக்கை லிங்கம் ஏற்றுமானூரிலும், பற்களால் கவ்வியது கடுத்துருத்தியிலும் பிரதிஷ்டையாயின. அவனைப் பின்தொடர்ந்து வந்து வைக்கத்து லிங்கத்தைப் பூஜித்தவர் வியாக்ரபாதர். தில்லையில் நாம் வணங்கும் புலிக்கால் முனிவரே அவர். அவர் பெயரால் வியாக்ரபுரி என்று வழங்கிய ஊரே வைக்கம் ஆயிற்று என்பர்.

தம்பதியர் முதலில் அம்பலப்புழை கிருஷ்ணனைத் தரிசித்து, அங்கே புகழ்பெற்ற பால்பாயசப் பிரசாதம் பெற்றார்கள். அன்றிரவு ஆலப்புழையில் தங்கினார்கள். மறுநாள், அதாவது அஷ்டமிக்கு முந்திய நாள், முற்பகலில் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள முஹம்மா படகுத்துறையை அடைந்தார்கள். அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள குமரகத்துக்குப் படகில் முக்கால் மணி நேரப் பயணம். குமரகத்திலிருந்து பேருந்தில் வைக்கம் சென்றால் மாலைக்குள் சேர்ந்துவிடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

வானம் வேறு கணக்குப் போட்டிருந்தது. நம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைக் கேரளத்தார் துலாவர்ஷம் என்பார்கள். வழக்கமாக அந்நாட்களில் காலை வெயிலாக இருக்கும். பிற்பகலில் கிழக்கு மலைகளின் மேல் மேகம் திரண்டு, இடியும் மின்னலுமாக மேற்கு நோக்கி நகரும். அன்றோ காலையிலிருந்தே காற்று வீசியது. மழை பெய்து எதிர்க்கரை மறைந்தது. வேம்பநாட்டு ஏரி பரந்தது, ஆனால் ஆழமற்றது. ஆழமற்ற நீரில் காற்று வீசினால் அலைகள் விரைவில் எழும். குட்டையாக, அடுத்தடுத்து வந்து படகின் பக்கவாட்டில் மோதும். காற்றில் ஒதுங்கிவரும் ஆகாயத்தாமரைத் திரள் படகின் விசிறியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. மழை விடும்வரை படகு புறப்படாது என்று துறையில் அறிவித்துவிட்டார்கள்.

நண்பகல் கடந்தது. பிற்பகலும் கடந்தது. ஆசிரியர் பொறுமையிழந்தார். வடக்கே சிறிது தூரம் சென்றால் தண்ணீர்முக்கம் அணை இருக்கிறது. குட்டநாட்டின் வயல்கள் கடல் மட்டத்துக்கும் தாழ்வாக இருப்பதால், கோடையில் உப்புநீர் உட்புகாமல் தடுக்க ஏரியின் குறுக்கே கட்டப்பட்ட அணை அது. அதன் மீது பேருந்துகள் செல்கின்றன. அவ்வழியே போனால் இரவுக்குள் வைக்கம் சேர்ந்து, விடியற்காலைத் தரிசனத்தில் நின்றுவிடலாம்.

"அதிகாலைத் தரிசனம்தானே முக்கியம்? பேருந்திலேயே போய்விடலாம்" என்றார் ஆசிரியர்.

"படகில் கடந்து வருகிறேன் என்றுதானே வேண்டிக்கொண்டேன்? அதை விட்டுவிட்டுப் போய் எப்படிங்க அவன் முன்னால் நிற்பது?" என்றார் அம்மையார்.

வேண்டுதலின் ஒரு பாதியைக் காப்பாற்றினால் மறுபாதி தவறும் நிலை. இதற்கிடையே சிறு படகு வைத்திருந்த ஒருவர், காற்று சற்றுத் தணிந்த நேரம் பார்த்து, இருவரை மட்டும் அக்கரை சேர்த்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு பாதிகளும் நிறைவேறும் வழி கிடைத்துவிட்டதென்று ஆசிரியர் மகிழ்ந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த துறை ஊழியர் ஒருவர், அவரைத் தனியே அழைத்துப் பேசினார்.

2002-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் காலை, இதே முஹம்மாவிலிருந்து குமரகம் சென்ற பயணிகள் படகு ஏரியில் மூழ்கியது. அரசுப் பணித் தேர்வு எழுதச் சென்ற இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். அளவுக்கு மீறிய கூட்டம். குமரகம் கரையை நெருங்கும் வேளையில் அந்த விபத்து நேர்ந்தது. 29 உயிர்கள் பறிபோயின. தேர்வுக்கு நேரமாகிறது என்பது அவர்களுடைய அவசரம். தரிசனத்துக்கு நேரமாகிறது என்பது உங்களுடைய அவசரம். ஏரிக்கு இரண்டும் ஒன்றே என்ற பொருள்பட அந்த ஊழியர் கூறினார். ஆசிரியர் மறுபேச்சின்றித் திரும்பி வந்து, துறையின் அருகே ஒரு வீட்டில் தங்குவதற்கு அறை கேட்டார்.

அவ்வாறு தங்கியதால் அவர்களுக்கு எதிர்பாராத ஒரு தரிசனம் கிட்டியது. முஹம்மாவில் சீரப்பஞ்சிற என்னும் பழைய குடும்பத்தாரின் களரியில்தான், மனித வடிவில் வந்த ஐயப்பன் போர்க்கலை பயின்றார் என்பது ஐதிகம். அதனோடு தொடர்புடைய முக்கால்வட்டம் சாஸ்தா கோயில் அங்கே இருக்கிறது. மண்டல காலமாதலால் அன்று மாலை மழையிலும் சரண கோஷம் ஒலித்தது. கறுப்பு வேட்டியணிந்த சிறுவர்கள் நனைந்தபடியே வலம் வந்தார்கள்.

தீபாராதனை முடிந்தபின், முதிய அன்பர் ஒருவரிடம் அம்மையார் தம் மனக்கலக்கத்தைச் சொன்னார். அவருக்குத் தமிழ் ஓரளவு தெரிந்திருந்தது. அஷ்டமியின் வரலாற்றை அறிவீர்களா என்று கேட்டுவிட்டு, அவரே சொல்லத் தொடங்கினார்.

வைக்கத்துக்கு அருகே உதயநாபுரத்தில் சுப்பிரமணியர் கோயில் கொண்டிருக்கிறார். தாரகாசுரனோடு போர்புரியச் சென்ற மைந்தன் திரும்பி வரும் நாளே அஷ்டமி. மகனுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையில் தந்தை அன்று உணவு கொள்வதில்லை. இரவில் யானை மீது எழுந்தருளி, மேளமும் ஆரவாரமும் இன்றி, மகன் வரும் வழியைப் பார்த்தபடி நிற்கிறார். "விடியற்காலைத் தரிசனம் பெரியதுதான். ஆனால் அஷ்டமி இரவு வரை நீள்கிறது. அன்று அப்பனே காத்து நிற்கிறான். நீங்கள் இங்கே காத்திருப்பதை அவன் குற்றமாகக் கொள்வானா?" என்றார் முதியவர்.

அம்மையாரின் முகம் தெளிந்தது. அதிகாலைத் தரிசனத்தை விட்டுவிடுவதென அன்றிரவே முடிவு செய்தார்கள். வைக்கத்தில் அஷ்டமித் தரிசனம் நடந்த விடியற்காலை வேளையில், அவர்கள் முஹம்மாவில் விளக்கேற்றி, கிழக்கு நோக்கி அமர்ந்து பஞ்சாட்சரம் ஜபித்தார்கள். வெளியே மழை தொடர்ந்து பெய்துகொண்டிருந்தது.

முற்பகலில் மழை விட்டது. காற்று தணியட்டும் என்று மேலும் சிறிது நேரம் நிறுத்திவைத்த பிறகே படகு புறப்பட்டது. வழியில் பாதிராமணல் என்னும் சிறு தீவு தென்பட்டது. மாலைக்கடன் செய்ய ஏரியில் இறங்கிய அந்தணர் ஒருவருக்காக நீர் விலகி நிலம் எழுந்தது என்று அத்தீவைப் பற்றிச் சொல்வார்கள். 'நள்ளிரவு மணல்' என்பது அப்பெயரின் பொருள். இன்று அங்கே குடியிருப்பு இல்லை. மரங்களும் பறவைகளுமே இருக்கின்றன. நீர்க்காகங்கள் மூங்கில் கழிகளின் மேல் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. குமரகம் நெருங்கியபோது அம்மையார் கைநீட்டி ஏரி நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதில் பம்பையின் நீரும் உண்டல்லவா!

மாலையில் வைக்கம் சேர்ந்தார்கள். வைக்கத்தப்பன் காலையில் தட்சிணாமூர்த்தியாகவும், நண்பகலில் கிராதமூர்த்தியாகவும், மாலையில் உமையம்மையோடும் பிள்ளைகளோடும் கூடிய குடும்பநாதனாகவும் காட்சி தருவதாக மரபு. கருவறைக்கு ஏறும் ஆறு படிகளும் காமம், குரோதம் முதலான ஆறு பகைகளைக் குறிக்கும் என்பர். தம்பதியருக்குக் கிடைத்தது மாலை நேரக் கோலம். ஆசிரியர் மேலாடை களைந்து நின்றபோது, மார்பின் நடுவே அறுவை சிகிச்சையின் தழும்பு தெரிந்தது. அம்மையார் ஒருமுறை அதையும், ஒருமுறை சந்நிதியையும் பார்த்துக் கைகூப்பினார்.

இரவு வந்தது. திரளான மக்கள் நடுவே, யானை மீது தந்தை காத்து நின்றார். அத்தனை பெரிய கூட்டத்தில் அவ்வளவு அமைதி நிலவியது. வெகுநேரம் கழித்து, விளக்குகளும் மேளமும் சூழ உதயநாபுரத்தப்பன் வந்து சேர்ந்தார். தந்தையும் மகனும் எதிரெதிரே நின்றபோது பலர் கண்ணீர் விட்டார்கள். பின்னர் விடைபெறும் நேரத்தில் நாகசுரம் சோகமாக ஒலிக்க, மகன் மெல்லத் திரும்பிச் சென்றார். பிள்ளைகளைத் தொலைவில் வைத்துவிட்டு விழாவுக்கு வந்திருந்த முதியோர் பலருக்கும் அந்த இசையின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை வைக்கத்தில் வணங்கி, கடுத்துருத்தியையும் ஏற்றுமானூரையும் தரிசித்தார்கள். மூன்று தலங்களையும் ஒரே நாளில் வழிபடுவது பெரும் புண்ணியம் எனக் கருதப்படுகிறது. அதன்பின் கோட்டயத்திலிருந்து ஆலப்புழைக்கு மீண்டும் படகிலேயே திரும்பினார்கள். அன்று ஏரி கண்ணாடிபோல் அசைவற்றுக் கிடந்தது.

கார்த்திகையில் இவ்வழி செல்ல விரும்பும் அன்பர்கள் மூன்று செய்திகளை நினைவில் கொள்ளலாம். படகுப் பயணத்தைக் காலை வேளையில் வைத்துக்கொள்வது நல்லது. இன்று வேண்டாம் என்று படகுத்துறையில் சொன்னால், அதை இறைவனின் வாக்காகவே ஏற்க வேண்டும். பயணத் திட்டத்தில் எதற்கும் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிவைப்பது அவசியம். அந்த ஒரு நாள் வீணாகாது. ஏரிக்கரையில் எந்த ஊரில் தங்க நேர்ந்தாலும், மாலையில் மணியோசை கேட்கும் தொலைவில் ஒரு கோயில் இருக்கும்.